ஹென்னபின் கவுண்டியின் மாவு மில்களும் ரயில் தடங்களும்: அப்பாவுக்கு எதைக் காட்டலாம்?

பிளைமவுத்காரன்

எல்லோருக்கும் வணக்கம். அப்பா இந்தக் கோடைக்கு எங்களோடு தங்க வந்திருக்கிறார். தெற்கு ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ.யாக (தண்டவாளப் பராமரிப்பு ஆய்வாளர்) இருந்து ஓய்வு பெற்றவர். மால் ஆஃப் அமெரிக்கா, மேப்பிள் குரோவ் கோயில், ஏரிகள் எல்லாம் பார்த்தாயிற்று. எதிலும் அவர் மனம் ஒட்டவில்லை. போன வாரம் சைக்கிள் பாதையில் நடந்துகொண்டிருந்தோம். திடீரென்று நின்று, "இது ரயில் ஓடின தடம்டா. ஏத்தம் இறக்கத்தைப் பார்த்தாலே தெரியுது" என்றார். வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவர் முகம் மலர்ந்தது.

மினியாபொலிஸ் ஒரு காலத்தில் மாவு மில் நகரம், ரயில் நகரம் என்று பொதுவாகத் தெரியும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. மினியாபொலிஸ் இருக்கும் நம் ஹென்னபின் கவுண்டிக்குள் (மினசோட்டாவின் ஒரு மாவட்டம்) மில், ரயில் சம்பந்தப்பட்ட பழைய இடங்களில் எவற்றைப் பார்க்கலாம்? வெறும் கட்டடமாகப் பார்த்துவிட்டு வந்தால் அவருக்குப் போதாது. ஏன் அங்கே கட்டினார்கள், எப்படி ஓடியது என்று கேட்பார். நான் பதில் சொல்ல வேண்டும். இன்னொன்று, 7-ஆம் நெடுஞ்சாலையும் 100-ஆம் நெடுஞ்சாலையும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒற்றைக் குழாய் மாதிரி ஓர் உயரமான கட்டடம், மேலே பாத்திரக் கம்பெனி பெயரோடு நிற்கிறதே, அது என்ன? அதைக் கடக்கும்போதெல்லாம் கேட்கிறார்.

அவருக்கு முழங்கால் வலி உண்டு. சமதரையில் மெதுவாக நடப்பார். படி ஏறுவது கஷ்டம்.

மேப்பிள்குரோவ்வாசி

மில் சிட்டி மியூசியத்தில் ஆரம்பியுங்கள். எரிந்துபோன மில்லின் சிதைந்த சுவர்களுக்குள்ளேயே மியூசியத்தைக் கட்டி 2003-இல் திறந்தார்கள். சரக்கு லிஃப்ட்டில் உட்கார வைத்து மாடி மாடியாக மில் எப்படி ஓடியது என்று காட்டுவார்கள். உட்கார்ந்தே பார்க்கலாம், அப்பாவுக்குச் சிரமம் இருக்காது. மேல்தளத்திலிருந்து மிசிசிப்பி நதியின் செயின்ட் ஆன்டனி அருவி, கல்பாலம், எதிர்க்கரை பில்ஸ்பரி மில் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். பக்கத்தில் கத்ரி தியேட்டர். அதன் நீட்டிய பால்கனிக்கு டிக்கெட் வேண்டாம். கோடையில் சனிக்கிழமை என்றால் மியூசியத்தை ஒட்டியே உழவர் சந்தை நடக்கும், பார்க்கிங் கிடைப்பது பாடு. வார நாளில் போவது நல்லது.

கோதுமைத்தூசி

மேலே சொன்ன இடத்துக்கே முதலில் போங்கள். ஆனால் உள்ளே நுழையுமுன் மில் சுவரில் பதித்திருக்கும் கல்வெட்டுப் பலகை முன்னால் அப்பாவை நிறுத்துங்கள். பலர் அதைப் பார்க்காமலே டிக்கெட் வாங்கப் போய்விடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது.

தானியக் கிடங்குகளிலும் மாவு ஆலைகளிலும் தூசி வெடிப்புத் தடுப்பு ஆய்வுதான் என் வேலை. மினசோட்டாவிலும் இரண்டு டகோட்டாக்களிலும் இதற்காகவே சுற்றுகிறேன். இந்த வேலைக்கு வந்த பிறகுதான் நம் கவுண்டியின் மில் சின்னங்களைச் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு தீ இருக்கிறது. அந்த வரிசையில் பார்த்தால் எல்லாம் கோவையாக விளங்கும்.

கேட்வாலடர் வாஷ்பர்ன் 1874-இல் அங்கே கட்டிய 'ஏ' மில் அப்போது அமெரிக்காவிலேயே பெரிய மாவு மில். 1878 மே 2 அன்று பகல் ஷிஃப்டில் இருந்த சுமார் 200 பேர் வேலை முடித்துப் போய்விட்டார்கள். இரவு ஷிஃப்டுக்கு வந்த 14 பேர் உள்ளே இருந்தார்கள். மாலை ஏழு மணி வாக்கில் மில் வெடித்தது. 14 பேரும் அந்த இடத்திலேயே இறந்தார்கள். வெடிப்பு அடுத்திருந்த டயமண்ட், ஹம்போல்ட் மில்களுக்கும் தாவியது. அங்கே நான்கு பேர். மொத்தம் 18. சத்தம் பத்து மைல் தள்ளி செயின்ட் பாலில் கேட்டது. நகரத்தின் அரவைத் திறனில் கணிசமான பங்கு அன்று ஒரே மாலையில் போயிற்று. ஒரு கல்லின்மேல் ஒரு கல் மிஞ்சவில்லை என்று அந்தப் பலகையில் எழுதியிருக்கும். கீழே இறந்தவர்களின் பெயர்கள். அவற்றை வாசித்துவிட்டு உள்ளே போனால் அந்த இயந்திரங்களைப் பார்க்கிற பார்வையே வேறாகிவிடும்.

ஏன் வெடித்தது என்பதை அப்பாவுக்கு விளக்க, கோதுமையிலிருந்து தொடங்க வேண்டும். இங்கே குளிர் அதிகம். அதனால் வசந்தத்தில் விதைத்து அறுக்கும் கெட்டியான சிவப்புக் கோதுமைதான் விளைந்தது. அதன் தவிடு எளிதில் நொறுங்கும். பழைய முறைப்படி இரண்டு அரவைக் கற்களை நெருக்கி வைத்து அரைத்தால் தவிடு தூளாகி மாவோடு கலந்து, மாவு கறுத்துப்போகும். விலை கிடைக்காது. 1870-களின் தொடக்கத்தில் வாஷ்பர்ன் மில்லில் எட்மண்ட் லா குரூவா என்ற பிரெஞ்சு-கனடியர் ஓர் இயந்திரத்தைப் புகுத்தினார். கற்களைத் தள்ளி வைத்து முதலில் ரவையாக உடைப்பது, அந்த ரவையை ஆடும் சல்லடையில் விட்டு அடியிலிருந்து காற்றை ஊதித் தவிட்டைப் பறக்கவிடுவது, சுத்தமான ரவையை மறுபடி அரைப்பது. முறத்தில் புடைத்து ஊதுகிற வேலைதான், ஆனால் பெல்ட் போட்டு இரவும் பகலும் ஓடுவது. வெள்ளை மாவு வந்தது. மினியாபொலிஸ் மாவுக்குக் கிழக்குச் சந்தையில் விலை ஏறியது. வைஸெட்டாவின் பெரிய வீடுகளிலிருந்து நகரத்து ஓவியக் கூடங்கள் வரை அந்தப் பணத்தின் தடயம் தெரியும்.

ஊதிய காற்று எங்கே போகும்? மில்லுக்குள்ளேதான். மெல்லிய மாவு தூசியாகக் கட்டடம் முழுக்க மிதந்தது. உத்தரத்திலும் சட்டத்திலும் படிந்தது. அரைக்கத் தானியம் வராமல் கற்கள் ஒன்றோடொன்று உரசினால் பொறி பறக்கும். மாவு எப்படி வெடிக்கும் என்று அப்போது பலரும் நம்ப மறுத்தார்கள். மினசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பெக்கம், பெக் இருவரும் மாவுத் தூசியைப் பெட்டிகளுக்குள் பறக்கவிட்டு வெடிக்க வைத்துக் காட்டினார்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் வெடிப்பு சிறியதாகவே இருக்கலாம். அது கட்டடத்தை உலுக்கும்போது உத்தரத்தில் படிந்திருந்த தூசியெல்லாம் ஒரே சமயத்தில் கிளம்பும். இரண்டாவதாக அது வெடிக்கும். ஆட்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான் சாகிறார்கள். 1977 டிசம்பரில் லூசியானாவின் வெஸ்ட்வீகோவில் ஒரு தானியக் கிடங்கு வெடித்து 36 பேர் செத்தார்கள். வாஷ்பர்ன் மில் வெடித்து 99 வருஷம் கழித்து. அதன் பிறகுதான், 1987-இல், அமெரிக்க அரசு தானியக் கிடங்குகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முக்கியமான இடங்களில் தூசி ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் படிந்தால் உடனே அகற்ற வேண்டும். நான் இன்று அளவுகோலோடு ஏணி ஏறிப் பார்ப்பது அந்த எட்டில் ஒரு பங்கைத்தான். அந்தப் பலகையில் இருக்கும் பெயர்களுக்கும் இந்த விதிக்கும் நடுவே இவ்வளவு காலம் போனது நியாயமே இல்லை.

வாஷ்பர்ன் மறுபடி கட்டினார். வில்லியம் டி லா பார் என்ற ஆஸ்திரியப் பொறியாளர், தூசியை உறிஞ்சி வெளியேற்றும் கருவியை விற்க வந்தவர், வாஷ்பர்னிடமே வேலைக்குச் சேர்ந்தார். ஹங்கேரிக்குப் போய், கல்லுக்குப் பதில் எஃகு உருளைகளால் அரைக்கும் முறையைப் பார்த்துவிட்டு வந்தார். 1880-இல் எழுந்த புதிய 'ஏ' மில் அவர் வடிவமைத்தது. நீங்கள் பார்க்கப்போகும் சிதைவு அதுதான். உச்ச காலத்தில் ஒரு நாளைக்கு 100 ரயில் பெட்டிக்கு மேல் கோதுமை அங்கே அரைபட்டது. இந்த எண்ணிக்கையை அப்பாவிடம் மறக்காமல் சொல்லுங்கள். அத்தனை பெட்டியை எப்படி உள்ளே எடுத்து வெளியே அனுப்பியிருப்பார்கள் என்று அவர் மனத்திலேயே கணக்குப் போடுவார். 1965-இல் மில் மூடப்பட்டது. 1991 பிப்ரவரியில் மறுபடி தீப்பிடித்தது. இடித்துத் தள்ளாமல், நின்ற சுவர்களைத் தாங்கிப் பிடித்து மியூசியம் ஆக்கினார்கள். சுவரில் கரிந்த இடங்களை அப்படியே விட்டிருக்கிறார்கள். நல்ல முடிவு.

இனி அந்த ஒற்றைக் குழாய். என்னைக் கேட்டால் இந்தக் கவுண்டியில் அதைவிட முக்கியமான கட்டடம் கிடையாது. யாருமே நின்று பார்ப்பதில்லை.

அதன் பெயர் பீவி-ஹாக்லின் சோதனைத் தானியக் கிடங்கு. 19-ஆம் நூற்றாண்டில் தானியக் கிடங்குகள் எல்லாம் மரத்தால் ஆனவை. மரம், உள்ளே தூசி, பக்கத்திலேயே நெருப்பைக் கக்கும் நீராவி எஞ்சின். எரியாமல் என்ன செய்யும்? காப்பீட்டுக் கட்டணம் வியாபாரிகளின் கழுத்தை நெரித்தது. ஃபிராங்க் பீவி பெரிய தானிய வியாபாரி, சார்லஸ் ஹாக்லின் கட்டடக்காரர். இருவரும் 1899-இல் செயின்ட் லூயிஸ் பார்க்கில் கான்கிரீட்டால் ஓர் உருளையை எழுப்பினார்கள். உள்விட்டம் 20 அடி. சுவர் கீழே 12 அங்குலம், மேலே போகப் போக 8 அங்குலம். வட்ட வடிவ மர அச்சைப் பூட்டி, உள்ளே கான்கிரீட் ஊற்றி, அது இறுக இறுக அச்சை மேலே நகர்த்திக் கட்டினார்கள். 68 அடி வந்ததும் தானியத்தை நிரப்பிக் குளிர்காலம் முழுக்க அப்படியே வைத்தார்கள்.

கான்கிரீட் உருளையிலிருந்து தானியத்தை வேகமாக இறக்கினால் உள்ளே காற்று வெற்றிடமாகிச் சுவர் நொறுங்கிவிடும் என்று பலர் சொன்னார்கள். அதைப் 'பீவியின் பைத்தியக்காரத்தனம்' என்றே அழைத்தார்கள். 1900 வசந்தத்தில் கூட்டம் கூடி நிற்க, அடியைத் திறந்து தானியத்தை இறக்கினார்கள். ஒன்றும் ஆகவில்லை. தானியமும் கெடவில்லை. பிறகு 125 அடிக்கு உயர்த்தினார்கள். பீவி அந்தத் தைரியத்தில் டூலூத்தில் பெரிய கான்கிரீட் கிடங்கு கட்டினார். இன்று அமெரிக்காவின் கோதுமைப் பிரதேசம் முழுக்க, கனடா முழுக்க வரிசையாக நிற்கும் வெள்ளை உருளைகளுக்கெல்லாம் மூத்தது இது. அமெரிக்காவில் கான்கிரீட்டில் கட்டிய முதல் உருளைக் கிடங்கு. சோதனையோடு அதன் வேலை முடிந்தது. வியாபாரத்துக்கு அதில் தானியம் சேமித்ததே இல்லை. 1981-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். பாத்திரக் கம்பெனியின் வளாகத்தில் இருப்பதால் அவர்கள் பெயர். உள்ளே போக முடியாது. வெளியே நின்று அண்ணாந்து பார்க்கலாம். பாருங்கள்.

இரும்புத்தடம்

தம்பி, உங்கள் அப்பா பி.டபிள்யூ.ஐ. என்று படித்ததும் கை பரபரத்துவிட்டது. நானும் சின்ன வயதிலிருந்து ரயில் பைத்தியம். இங்கே பழைய ரயில்வே நிலையங்களைத் தேடித் தேடிப் படம் எடுப்பேன்.

ஸ்டோன் ஆர்ச் பிரிட்ஜை, அதாவது மேலே சொன்ன கல்பாலத்தை, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடக்க வையுங்கள். சமதரை, வண்டி கிடையாது. 2,100 அடி நீளம். 1883-இல் ஜேம்ஸ் ஜே. ஹில் கட்டினார். பின்னால் கிரேட் நார்தர்ன் என்று ஆன ரயில்வேயின் அதிபர். முதலில் 23 கல் வளைவுகள். 1960-களின் தொடக்கத்தில் படகுகளுக்கு லாக் (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் மதகு) கட்டியபோது இரண்டு வளைவுகளை எடுத்துவிட்டு இரும்புச் சட்டம் போட்டார்கள். அந்த இடம் பார்த்ததும் தெரியும், பாலத்தின் அழகில் விழுந்த வெட்டு. 1965 வெள்ளத்தில் தூண் அடியில் அரிப்பு எடுத்து ஒரு பகுதி உள்வாங்கியது. சரி செய்து மறுபடி ரயில் விட்டார்கள். 1994-இல் நடைபாதை ஆனது. இதையும் 'ஹில்லின் முட்டாள்தனம்' என்றுதான் அக்காலத்தில் சிலர் சொன்னார்கள்.

பாலத்திலிருந்து சில தெருக்கள் தள்ளி, மில்வாக்கி ரோடு என்ற ரயில்வேயின் டிப்போ, அதாவது ரயில் நிலையம். 1899-இல் முடித்தது. இப்போது ஓட்டல். அதன் கோபுரம் ஸ்பெயினின் செவில் நகரத்து ஹிரால்டா கோபுரத்தைப் பார்த்துக் கட்டியது. 1941-இல் அடித்த புயற்காற்றில் உச்சி விழுந்துவிட்டது, திரும்ப வைக்கவில்லை. பின்பக்கம் 625 அடி நீளத்துக்கு ரயில் நிற்கும் கொட்டகை இன்னும் இருக்கிறது. இப்படி முழுதாக மிஞ்சிய கொட்டகைகள் அமெரிக்காவில் சொற்பம். 1971-இல் கடைசி ரயில். கிரேட் நார்தர்ன் நிலையத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, 1978-இல் இடித்தார்கள். ஹென்னபின் அவென்யூவில் ஃபெடரல் ரிசர்வ் வங்கி இருக்கும் இடம்தான் அது. அதைக் கடக்கும்போது எனக்கு இன்னும் மனசு ஆறாது.

மின்னஹாஹா டிப்போ தவறவிடக் கூடாதது. 1875-இல் கட்டிய குட்டி மர நிலையம். கூரை விளிம்பு முழுக்க மரத்தில் செய்த பூவேலை. ரயில்காரர்கள் 'இளவரசி' என்று கூப்பிட்டார்கள். கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் திறப்பார்கள், போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ப்ளூ லைன் ரயில் பக்கத்திலேயே நிற்கும்.

கோதுமைத்தூசி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், மில்லையும் ரயிலையும் பிரித்துப் பார்க்காதீர்கள். மினியாபொலிஸ் மாவு கிழக்கே போக வேண்டுமானால் சிகாகோ வழியாகத்தான் போக வேண்டும். அங்கே ரயில்வேக்கள் வைத்ததுதான் கட்டணம். மில் முதலாளிகள் 1880-களில் தாங்களே ஒரு ரயில்வே தொடங்கினார்கள். சிகாகோவைத் தொடாமல் நேராகக் கனடா எல்லையில் இருக்கும் சூ செயின்ட் மேரி போய்க் கனடியப் பாதையோடு சேர்வது. வாஷ்பர்னின் தம்பி வில்லியம் வாஷ்பர்ன்தான் தலைவர். பிறகு அதன் பெயரே சூ லைன். மாவுக்காக மாவு மில்காரர்கள் போட்ட தண்டவாளம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள், ரசிப்பார்.

சைக்கிள் பாதையைத் தடம் என்று கண்டுபிடித்தாரே, அவர் கண்ணுக்கு வணக்கம். மிட்டவுன் கிரீன்வேக்கும் கூட்டிப் போங்கள். தெருக்களின் மட்டத்துக்குக் கீழே ஓடும் அந்தப் பள்ளத்தை 1912-க்கும் 1916-க்கும் இடையில் மில்வாக்கி ரோடு தோண்டியது. தெருவைக் கடக்கும் இடங்களில் விபத்து தீரவில்லை என்று நகரம் கட்டாயப்படுத்திச் செய்ய வைத்தது. இப்போது மேலே வரிசையாகப் பாலங்கள், கீழே சைக்கிள்கள்.

பிளைமவுத்காரன்

இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. மிகவும் நன்றி. பதில்களை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தூசி வெடிப்பு வந்த இடத்தில், "நிறுத்து, திரும்பப் படி" என்றார்.

நேற்று மியூசியமும் கல்பாலமும் போனோம். பாலத்தில் நடந்தவர் மேற்குக் கரைக்கு வரும் வளைவில் நின்றுவிட்டார். கேள்விகள் வந்தன. நதிக்கு நேர்குறுக்காகப் போட்டிருந்தால் நீளமும் செலவும் மிச்சமாகியிருக்குமே, ஏன் சாய்வாகப் போட்டார்கள்? இந்த வளைவு எத்தனை டிகிரி? அருவியின் கீழே ஏன், மேலே போட்டால் அடித்தளம் சுலபமில்லையா? என்னிடம் பதில் இல்லை. 18 பேரையும் எங்கே அடக்கம் செய்தார்கள் என்றும் கேட்டார்.

இரும்புத்தடம்

வளைவு 6 டிகிரி. நம் ஊர்க் கணக்கில் 1750-ஐ ஆறால் வகுத்தால் சுமார் 292 மீட்டர் ஆரம். அவர் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். மேற்குக் கரையில் பாதையைக் கரையோரமாகத் திருப்பி ஹென்னபின் அவென்யூ அருகே யூனியன் டிப்போவுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது, அதனால் இந்த வளைவு. சார்லஸ் ஸ்மித் என்ற பொறியாளரின் வேலை. கல்லில் இப்படி ஒரு வளைவைக் கட்டியது பெரிய விஷயம்.

அருவிக்கு மேலேதான் முதலில் போட நினைத்தார்கள். அடிப்பாறை தாங்காது என்ற பயத்தில் கீழே நகர்த்தினார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அருவியின் மேலே மெல்லிய சுண்ணாம்புப் பாறை, அதன் அடியில் கையால் சுரண்டினாலே உதிரும் மணற்பாறை. 1869 அக்டோபரில் ஈஸ்ட்மன் என்பவர் மில்லுக்காகத் தோண்டிய சுரங்கத்துக்குள் நதி உடைத்துக்கொண்டு புகுந்தது. அருவியே உருக்குலைந்து வெறும் ஓட்டமாகிவிடும் நிலை. மரங்களை வெட்டித் திணித்துத் தற்காலிகமாக அடைத்தார்கள். ராணுவப் பொறியாளர்கள் பாறைக்கு அடியில் கான்கிரீட் தடுப்புச் சுவர் கட்டி 1876-இல் முடித்தார்கள். நதி இன்று அந்தச் சுவரை நம்பித்தான் அங்கே விழுகிறது. அது நடந்து சில வருஷத்தில் பாலம் கட்டியவர்கள் பாறையைத் தொடவே தயங்கியிருப்பார்கள்.

கோதுமைத்தூசி

அப்பாவின் கடைசிக் கேள்விக்கு என் பதில். லேக்வுட் கல்லறைத் தோட்டத்தில் அந்தப் 18 பேருக்கும் சேர்த்து ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. அடியில் அரவைக் கல்லும், கோதுமைக் கதிர்க்கட்டும், உடைந்த பல்சக்கரமும் செதுக்கியிருப்பார்கள். கார் உள்ளே போகும், நடக்க வேண்டியது கொஞ்சம்தான். அதை ஒட்டித்தான் பழைய கோமோ-ஹாரியட் டிராம் தடம் போகிறது. 1954-இல் மினியாபொலிஸில் டிராம் நின்றது. ஹாரியட் ஏரிக்கும் படே மகா ஸ்கா ஏரிக்கும் இடையே மிஞ்சிய துண்டில் கோடையில் தன்னார்வலர்கள் பழைய வண்டிகளை ஓட்டுகிறார்கள். 1908-இல் செய்த வண்டி ஒன்று இன்னும் ஓடுகிறது. தூணைப் பார்த்த பிறகு அப்பாவை அதில் ஏற்றுங்கள்.

அருவி பற்றி இரும்புத்தடம் எழுதியதில் ஒன்று விட்டுப்போனது, அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. மில்களும் ரயிலும் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அது டகோட்டா மக்களின் புனித இடம், ஓவாம்னியோம்னி. ஹென்னபின் பாதிரியார் 1680-இல் வந்து செயின்ட் ஆன்டனி என்று பெயர் வைத்தார், அவர் பெயரையே பிறகு கவுண்டிக்கு வைத்தார்கள். அருவிக்குக் கீழே இருந்த ஆவித் தீவை முதலில் சுண்ணாம்புக் கல்லுக்காக வெட்டினார்கள். மிஞ்சியதையும் லாக் கட்ட வேண்டி 1960 வாக்கில் முழுவதுமாக அகற்றிவிட்டார்கள். அந்த லாக்கும் 2015-இல் படகுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டது, அயல்நாட்டுக் கெண்டை மீன் மேலே ஏறாமல் இருக்க. தீவு போனது போனதுதான். பாலத்தின் மேல் நின்று தண்ணீரைப் பார்க்கும்போது அதையும் அப்பாவிடம் சொல்லுங்கள்.

எதிர்க்கரைக்குப் போனால் பில்ஸ்பரி 'ஏ' மில். 1881, லீராய் பஃபிங்டன் வடிவமைத்தது, வெளிச்சுவர் முழுக்கச் சுண்ணாம்புக் கல். பல வருஷம் உலகின் மிகப் பெரிய மாவு மில் அதுதான். 2003-இல் அரவை நின்றது. இப்போது ஓவியர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். பழைய நீர்ச் சுரங்கத்தில் டர்பைன் வைத்து அந்தக் கட்டடத்துக்கு மின்சாரம் எடுக்கிறார்கள். வெளியிலிருந்து சுற்றிப் பார்க்க அரைமணி போதும்.

பிளைமவுத்காரன்

அக்கா, இரும்புத்தடம் சார், இருவருக்கும் அப்பாவின் வணக்கம். நேற்று மாலை செயின்ட் லூயிஸ் பார்க் போய் அந்தக் கான்கிரீட் குழாயைப் பார்த்தோம். அச்சு நகர்ந்த தடம் சுவரில் தெரிகிறதா என்று தேடிக்கொண்டே இருந்தார். ஞாயிறு லேக்வுட்டும் டிராமும். அதற்கு அடுத்த வாரம் ஓடுகிற ரயில் பார்க்க வேண்டுமாம். எங்கே உட்கார்ந்தால் நல்லது? எத்தனை மணிக்கு வரும்?

இரும்புத்தடம்

வைஸெட்டா டிப்போ. 1906-இல் கிரேட் நார்தர்ன் கட்டியது, மினடோங்கா ஏரிக்கரையில். ஏரியை மறைக்கிறது என்று ஊர்க்காரர்கள் தண்டவாளத்தின் மேல் வழக்குப் போட, ஹில் கோபத்தில் பழைய நிலையத்தை இடித்து ஊருக்கு ஒரு மைல் தள்ளி நிறுத்தம் வைத்தார். நடந்து போகட்டும் என்று. வருஷக்கணக்கில் அப்படியே இருந்து, பிறகு சமாதானம் ஆகிக் கட்டியதுதான் இன்றைய நிலையம். 1971-க்குப் பிறகு பயணிகள் ரயில் நிற்பதில்லை. ஆனால் பிஎன்எஸ்எஃப் என்ற ரயில்வேயின் சரக்கு ரயில்கள் இன்றும் அதே பாதையில் போகின்றன. நேர அட்டவணை கிடையாது. பெஞ்ச் இருக்கிறது, நிழல் இருக்கிறது, ஒரு ஃப்ளாஸ்க்கில் காபி எடுத்துக்கொண்டு காலையிலேயே போய் உட்காருங்கள். தானியம் ஏற்றும் ஹாப்பர் பெட்டிகள் கோத்த ரயில் வந்தால் பெட்டிகளை எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கையை இங்கே எழுதுங்கள்.